புள்ளியளவு படம் சொன்ன இரகசியங்கள்

மருந்துக் கடை ஒன்றுக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி, தணிந்த குரலில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறீர்கள். கடைக்காரர் எடுத்துத் தருகிறார். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். அப்போது கடையின் மூலையில் முன்பின் அறியாத ஒருவர் நின்றுகொண்டு, யார் வந்தார், என்ன கேட்டார், எதை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தார் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அவரை அங்கே நிறுத்தி வைத்தவரே கடைக்காரர்தான் என்று தெரியவந்தால் உங்கள் மனம் என்ன பாடுபடும்?

இணையக் கடைகளில் இது நடந்திருக்கிறது. சுவீடன் நாட்டில் அரசுக்குச் சொந்தமான அபோட்டேகெட் என்ற மருந்து விற்பனை நிறுவனத்துக்கு, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அந்நாட்டின் தனியுரிமைப் பாதுகாப்பு ஆணையம் 3 கோடியே 70 லட்சம் குரோனர் தண்டம் விதித்தது. அந்நிறுவனத்தின் இணையக் கடைக்கு வந்தவர்களின் விவரங்கள், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குச் சென்றுகொண்டிருந்தன என்பதே குற்றம். யாரும் பூட்டை உடைக்கவில்லை, யாரும் திருடவில்லை. விளம்பரத்தின் பலனை அளப்பதற்காக நிறுவனமே தன் பக்கங்களில் வைத்த ஒரு சிறு கருவி அந்த வேலையைச் செய்தது.

இத்தகைய கருவி எப்படித் தோன்றியது? வாடிக்கையாளரின் இரகசியத்தை அது எவ்வழியே கொண்டு போகிறது? அதைத் தடுக்க முடியாதா? முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

நினைவில்லாத இயந்திரம்

தொடக்கத்தில் இணையத்துக்கு நினைவாற்றல் கிடையாது. உங்கள் கணிப்பொறியில் உள்ள 'உலாவி' என்ற மென்பொருள் ஒரு பக்கம் வேண்டுமென்று கேட்கும். தொலைவிலுள்ள வழங்கு கணிப்பொறி அதை அனுப்பும். அத்துடன் இருவருக்கும் இடையிலான உறவு முடிந்தது. அடுத்த நொடியில் மற்றொரு பக்கத்தைக் கேட்டால், முன்பு வந்தவர்தான் இவர் என்பது வழங்கு கணிப்பொறிக்குத் தெரியாது. செய்தி படிக்க இது போதும். வாணிகம் செய்யப் போதாது. கூடையில் ஒரு புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், கூடையே காணாமற் போய்விடும்!

1994ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுலி என்ற இளம் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கோயில் வாசலில் செருப்பை விடும்போது எண் பொறித்த வில்லை ஒன்றைத் தருகிறார்கள் அல்லவா? உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வில்லையைக் காட்டினால் போதும், உங்கள் செருப்பு வந்துவிடும். அதுபோல, வழங்கு கணிப்பொறி ஒரு சிறு குறிப்பை உங்கள் உலாவியிடம் தந்து வைக்கும். மறுமுறை செல்லும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும். இந்த வில்லைதான் 'குக்கி' எனப்படுவது.

ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது இதைவிட எளிய வழியாக இருந்திருக்கும். மோன்டுலி அதை விரும்பவில்லை. அப்படிச் செய்தால், ஒருவர் செல்லுமிடமெல்லாம் அவரைப் பின்தொடர்ந்து செல்ல முடியுமே! ஆகவே, எந்தத் தளம் வில்லையைத் தந்ததோ, அந்தத் தளத்துக்கு மட்டுமே அதைக் காட்ட வேண்டும் என்று விதி செய்தார். பின்தொடர்வதற்கென்று பிறந்ததன்று குக்கி. பின்தொடர்வதைத் தவிர்க்கப் பிறந்தது.

பல வீட்டுச் சமையல்

விதி நல்லதுதான். ஆனால், ஓர் இணையப் பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒரே இலையில் பல வீட்டுச் சமையலைப் பரிமாறுவது போன்றது அது. எழுத்து ஒரு கணிப்பொறியிலிருந்தும், படம் இன்னொன்றிலிருந்தும், விளம்பரம் மூன்றாவது ஒன்றிலிருந்தும் வரும். இவற்றையெல்லாம் தனித்தனியே கேட்டு வாங்கி ஒன்று சேர்ப்பது உங்கள் உலாவியே. விளம்பரப் படத்துக்காக அது விளம்பர நிறுவனத்தின் கதவைத் தட்டும்போது, அந்நிறுவனமும் தன் வில்லை ஒன்றைத் தந்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் நூறு தளங்களில் இருந்தால், நூறு இடங்களிலும் அந்த ஒரே வில்லை காட்டப்படும். விதி மீறப்படவில்லை, ஆனால் விதியின் நோக்கம் தோற்றுவிட்டது.

இதனுடன் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. உலாவி எதையேனும் கேட்கும்போது, 'இன்ன பக்கத்துக்காகக் கேட்கிறேன்' என்று அந்தப் பக்கத்தின் முகவரியையும் சேர்த்துச் சொல்லும். இந்தக் குறிப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் இச்சொல்லை விதியில் எழுதியபோது ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. அந்தப் பிழையே விதியாக இன்றும் நிலைத்திருக்கிறது! வில்லை 'யார்' என்பதைச் சொல்கிறது. ரெஃபரர் 'எந்தப் பக்கத்தில்' என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களால் ஊகிக்க முடியும்.

எழுதி வைத்த எச்சரிக்கை

இணையத்தின் நடைமுறை விதிகளை வகுத்தவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 1996 மே மாதத்தில் வெளியான 1945ஆம் எண் விதி ஆவணம், ரெஃபரர் குறிப்பின் வழியே ஒருவரது அந்தரங்கச் செய்தி வெளிப்பட்டுவிடக்கூடும். அதை அனுப்புவதா வேண்டாமா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பயனாளருக்கு இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1997 பிப்ரவரியில் வெளியான 2109ஆம் எண் ஆவணம் குக்கியைப் பற்றியது. அதை எழுதிய இருவரில் மோன்டுலியும் ஒருவர். பயனாளர் கேட்டுக்கொண்டாலன்றி, மூன்றாம் நிறுவனத்தின் குக்கிகளை உலாவி ஏற்கலாகாது என்பது அதன் கருத்து.

உலாவிகளைச் செய்த பெரிய நிறுவனங்கள் இந்த அறிவுரையை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. விளம்பரத் தொழில் அதற்குள் குக்கியின் மீது தன் கட்டடத்தை எழுப்பத் தொடங்கிவிட்டது. வேண்டாம் என்பவர் தேடிப் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது தானாகவே நடக்கும் என்றாயிற்று. கருவி எந்த நிலையில் நம் கைக்கு வருகிறதோ, அந்த நிலையிலேயே பெரும்பாலோர் அதை வைத்திருப்பார்கள். இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நேர்ந்த தீங்குகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவையே.

டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம் 1999ஆம் ஆண்டில் அபேகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அஞ்சல் வழியே பொருள் வாங்கும் அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் முகவரியும் அபேகஸிடம் இருந்தன. பெயரில்லாத வில்லையும் பெயருள்ள பட்டியலும் ஒன்று சேரப் போகின்றன என்று மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் டபுள்கிளிக் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. 2008ஆம் ஆண்டில் டபுள்கிளிக்கே கூகுளின் உடைமையாயிற்று.

படம் நிரலாக மாறியது

விளம்பரம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே ஐயம் வரும்? அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி, நிறமோ இல்லை. இப்படி ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்தால் யாருக்குத் தெரியும்? ஐம்பது பைட்டுக்கும் குறைந்த அளவுள்ள இந்தப் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அதைக் கேட்டு உலாவி கதவைத் தட்டுகிறதே, அந்தத் தட்டல்தான் வேண்டியது. திரையின் மிகச் சிறிய புள்ளியை 'பிக்ஸல்' என்பார்கள். அந்தப் பெயரே இக்கருவிக்கும் நிலைத்தது.

படத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் வந்தார் என்பதை அது சொல்லும். உள்ளே என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. ஆகவே, படத்தின் இடத்தில் சிறு நிரல் வந்தது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் கூகுள் தன் தள அளவீட்டுக் கருவியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டில் ஃபேஸ்புக்கின் இன்றைய பிக்ஸல் அறிமுகமாயிற்று. தளத்தை நடத்துபவர் சில வரி நிரலைத் தன் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும். எந்த விளம்பரத்தைப் பார்த்து யார் வந்தார், யார் பொருள் வாங்கினார் என்ற கணக்கு வந்துவிடும். சிறு கடைக்காரருக்கு இது உண்மையிலேயே பயனுள்ள கருவி என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் படமும் நிரலும் ஒன்றல்ல. ஒருவர் ஒட்டிய நிரல், அந்தப் பக்கத்தின் வீட்டாளைப் போலவே உள்ளே நடமாடும். பக்கத்தின் தலைப்பைப் படிக்கலாம். அழுத்திய பொத்தானில் உள்ள சொற்களைப் படிக்கலாம். படிவத்தில் நிரப்பியதையும் படிக்கலாம். செருப்புக் கடைப் பக்கத்தில் இதனால் பெரிய தீங்கில்லை. மருத்துவமனைப் பக்கத்தில்?

முகவரியே காட்டிக்கொடுத்தது

முதல் எச்சரிக்கை மணி 2015ஆம் ஆண்டு ஜனவரியில் ஒலித்தது. அமெரிக்க மக்கள் மருத்துவக் காப்பீடு பெறுவதற்காக அந்நாட்டு அரசு நடத்திய இணையதளத்தை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும், மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் வல்லுநர்களும் ஆராய்ந்தார்கள். வயது, ஆண்டு வருமானம், அஞ்சல் குறியீடு, புகைப்பழக்கம் உண்டா, கருவுற்றிருக்கிறாரா என்பவை விளம்பர நிறுவனங்களுக்குச் சென்றது தெரியவந்தது.

எப்படிச் சென்றது? படிவத்தில் நிரப்பிய விடைகளை அடுத்த பக்கத்தின் முகவரியிலேயே சேர்த்து எழுதியிருந்தார்கள். அப்பக்கத்தில் வெளி நிறுவனங்களின் கருவிகள் இருந்தன. முகவரி முழுவதையும் ரெஃபரர் எடுத்துச் சொல்லிவிட்டது. 1996ஆம் ஆண்டின் ஆவணம் எந்த வாசலைச் சுட்டிக் காட்டியதோ, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே வாசல் வழியே செய்தி வெளியேறியது!

மருத்துவமனை வாசலில்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'தி மார்க்கப்' என்ற அமெரிக்க இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாட்டின் முன்னணி மருத்துவமனைகள் 100இன் தளங்களை ஆராய்ந்ததில், 33 தளங்களில் மெட்டாவின் பிக்ஸல் இருந்தது. நோயாளி ஒருவர் மருத்துவரைக் காண நேரம் குறிக்கப் பொத்தானை அழுத்தியதும், அந்த மருத்துவரின் பெயரும் எந்த நோய்க்காக என்பதும் மெட்டாவுக்குச் சென்றன. நோயாளிகள் கடவுச்சொல் கொடுத்து நுழையும் உட்பக்கங்களிலும் சில இடங்களில் அது காணப்பட்டது.

பின்னர் மருத்துவ நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தம் நோயாளிகளுக்கு அறிவிப்பு அனுப்பின. 2022ஆம் ஆண்டில் நோவன்ட் ஹெல்த் 13 லட்சம் பேருக்கும், அட்வகேட் அரோரா ஹெல்த் 30 லட்சம் பேருக்கும், 2024ஆம் ஆண்டில் கைசர் பெர்மனென்டே 1 கோடியே 34 லட்சம் பேருக்கும் அறிவித்தன. இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்குப் பின்னே எந்தக் கொள்ளைக் கூட்டமும் இல்லை. யாரோ ஒட்டிய சில வரி நிரல். ஒட்டிய இடம் சரிதானா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

வருமான வரியும் தப்பவில்லை. வரிக் கணக்கு எழுத உதவும் டாக்ஸ்ஆக்ட் என்ற தளம், மக்களின் வருமானத்தை ஆயிரம் டாலருக்கு முழுமையாக்கியும், திரும்பப் பெறும் தொகையை நூறு டாலருக்கு முழுமையாக்கியும் மெட்டாவுக்கு அனுப்பியது 2022 நவம்பரில் வெளிப்பட்டது.

மருத்துவரிடம் நோயாளி உண்மையைச் சொல்வது, அது வெளியே போகாது என்ற நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கை போனால், பால்வினை நோயையோ மனநோயையோ பற்றிக் கேட்கவே ஒருவர் தயங்குவார். தயங்குபவருக்குச் சிகிச்சை காலத்தில் கிடைக்காது. இழப்பு வெறும் விவரத்தோடு நிற்பதில்லை என்பதை உணர வேண்டும்.

பெயரைக் குலைத்தால் போதுமா?

'நாங்கள் மின்னஞ்சல் முகவரியை அப்படியே அனுப்புவதில்லை. உருத்தெரியாமல் குலைத்துத்தான் அனுப்புகிறோம்' என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. இது எவ்வளவு பாதுகாப்பு என்று பார்ப்போம்.

ஒரு கணித முறையால் மின்னஞ்சல் முகவரியை 64 எழுத்தும் எண்ணும் கலந்த கோவையாக மாற்றிவிடலாம். அந்தக் கோவையிலிருந்து முகவரியைத் திரும்பப் பெறும் நேர்வழி இல்லை. ஆனால், ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே கோவைதான் கிடைக்கும். பெறுகின்ற நிறுவனத்திடம் தன் பயனாளர்களின் முகவரிகள் முன்பே இருக்கின்றன. அவற்றையும் அதே முறையில் குலைத்து வைத்துக்கொண்டு, எது எதனுடன் பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். ஆள் யாரென்பது தெரிந்துவிடும். வெளியாள் கண்ணுக்கு முகமூடி. வேண்டியவர் கண்ணுக்கோ அது பெயர்ப்பலகை.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட சுவீடன் மருந்து நிறுவனத்தில் நேர்ந்தது இதுதான். மெட்டாவின் பிக்ஸலில் இத்தகைய பொருத்தம் பார்க்கும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கியதால், சுயபரிசோதனைப் பொருள்கள், பால்வினை நோய்க்கான மருந்து போன்றவற்றைப் பற்றிய விவரங்களும் வாங்கியவரின் அடையாளத்துடன் சென்றன. அதே நாட்டின் அவான்சா வங்கியில் இந்த வசதி தவறுதலாக இயங்கும் நிலைக்கு வந்து, 2019 நவம்பர் முதல் 2021 ஜூன் வரை அப்படியே கிடந்தது. கடன் தொகையும் கணக்கு எண்ணும் உட்பட, 10 லட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் சென்றிருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. அந்த வங்கிக்கு 2024 ஜூனில் 1 கோடியே 50 லட்சம் குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது.

பழைய சட்டமும் புதிய வழக்கும்

சட்டம் என்ன செய்தது? இங்கு ஒரு சுவையான செய்தி. 1987ஆம் ஆண்டில் ராபர்ட் போர்க் என்பவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டார். அவர் குடும்பத்தார் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலை ஒரு வார இதழ் வெளியிட்டுவிட்டது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், நாளை நம் பட்டியலும் வெளிவருமே என்று எண்ணிய சட்டமன்றத்தினர், 1988ஆம் ஆண்டிலேயே வீடியோ தனியுரிமைச் சட்டத்தை இயற்றினார்கள். கேசட் கடைகள் மறைந்துவிட்டன, சட்டம் மறையவில்லை. எந்த வீடியோவைப் பார்த்தோம் என்பதைப் பிக்ஸல் வழியே சொல்லிவிட்டார்கள் என்று தளங்களின் மீது தொடுத்த வழக்குகளில் அதுவே இப்போது ஆயுதமாகிவிட்டது.

தொலைபேசி ஒட்டுக்கேட்டலைத் தடுக்கக் கலிபோர்னியா மாநிலம் 1967இல் இயற்றிய சட்டமும் இப்படித்தான். பெண்களின் மாதவிடாய் நாள்களைக் குறித்து வைக்கும் ஃப்ளோ என்ற கைபேசிச் செயலியின் வழியே மெட்டா விவரம் பெற்றது அச்சட்டத்துக்கு மாறானது என்று 2025 ஆகஸ்டில் ஒரு ஜூரி தீர்ப்பளித்தது.

அமெரிக்க வணிக ஆணையமும் முன்வந்தது. மருந்துத் தள்ளுபடிச் சீட்டு வழங்கும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் 15 லட்சம் டாலர் தண்டத்துக்கும், மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்துவதற்கும் உடன்பட்டன. மருத்துவத் தளங்களுக்கென்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஆனால், பொதுமக்கள் கடவுச்சொல் இன்றிப் பார்க்கும் பக்கங்களைப் பற்றிய பகுதியை டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று 2024 ஜூனில் நீக்கிவிட்டது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்பு விதி, உடல்நலச் செய்திக்குத் தனிக் காப்பு அளிக்கிறது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது.

வழி என்ன?

உலாவி செய்வோர் காலம் தாழ்ந்தேனும் விழித்தார்கள். 2020 மார்ச் முதல் ஆப்பிளின் சஃபாரி உலாவி மூன்றாம் நிறுவனக் குக்கிகளை முற்றிலும் தடுக்கிறது. அதே ஆண்டில், ரெஃபரர் வழியே வெளித் தளங்களுக்கு முழு முகவரியையும் சொல்லாமல், தளத்தின் பெயரை மட்டும் சொல்வது குரோம் உலாவியின் இயல்பு நிலையாயிற்று. மூன்றாம் நிறுவனக் குக்கியை ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது.

ஆனால் குக்கியை ஒழித்தாலும் தளமே ஒட்டிய நிரல் ஓயாது. ஆகவே, பொறுப்பு முதன்மையாகத் தளத்தை நடத்துவோரையே சார்ந்தது. அவர்கள் செய்யக்கூடியவை எளியவை. நோய், பணம், வழக்கு போன்றவற்றைப் பற்றிய பக்கங்களில் விளம்பர நிரலை வைக்கவே கூடாது. முகவரியிலும் பக்கத் தலைப்பிலும் வாடிக்கையாளரின் விடைகளை எழுதக் கூடாது. வெளியே என்னென்ன போகலாம் என்பதற்கு ஒரு சிறு பட்டியல் வகுத்து, அதில் இல்லாத எதையும் அனுப்பாதிருக்க வேண்டும். போகக் கூடாதவற்றைப் பட்டியலிட்டால், நாளை புதிதாகச் சேர்க்கும் ஒரு பெட்டி அதில் விடுபட்டுவிடும்! உணர்வுநுட்பமான செய்தி வந்தால் தாங்களே வடிகட்டிவிடுவதாகப் பெறுகின்ற நிறுவனங்கள் கூறுகின்றன. ஆனால், வந்த பிறகு வடிகட்டுவதைவிட அனுப்பாமலிருப்பதே நம்பத்தக்கது.

மாணவர்களாகிய நீங்கள் இதை நேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். கணிப்பொறியில் உலாவியைத் திறந்து எஃப்12 என்ற விசையை அழுத்துங்கள். தோன்றும் பலகையில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்து, ஏதேனும் ஒரு செய்தித் தளத்தைத் திறவுங்கள். உங்கள் உலாவி எந்தெந்தக் கதவுகளைத் தட்டுகிறது என்ற பட்டியல் கடகடவென்று இறங்கும். அதில் நீங்கள் கேட்ட தளத்தின் பெயர் எத்தனை முறை வருகிறது, கேட்காத பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

உங்களில் சிலர் நாளை இத்தகைய தளங்களை அமைக்கும் பொறியாளர்களாக இருப்பீர்கள். ஒரு நிரலை ஒட்டும் முன், 'இது இங்கே எதைப் படிக்கும்? யாரிடம் சொல்லும்? யாரும் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும்?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றுள் மூன்றாவதுதான் முக்கியமானது. ஏனெனில், பெரும்பாலான இடங்களில் யாரும் எதையும் மாற்றுவதில்லை என்பதே இந்த முப்பதாண்டு வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.